கல்யாண வீட்டு ஜெனரேட்டர்

ராகேலுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் என்ன வேலை என்று எங்கள் சபையில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. இத்தனைக்கும் அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்து தலை பாதி நரைத்துவிட்டது. அறுப்பின் பண்டிகையில் சேனைக்கிழங்கு ஏலம் விடும்போது கமிட்டிக்காரர் அவளை 'நம்ம டாக்டரம்மா' என்பார். பின்வரிசைப் பெண்கள், 'டாக்டரும் இல்ல ஒண்ணும் இல்ல, அங்க தூத்து வாருகவளுகளுக்குத் தலைவியாக்கும்' என்று குசுகுசுப்பார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு ராகேல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவாள். திருத்த ஆரம்பித்தால் போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடித்த பிறகும் பேச்சு முடியாது.

அருமனையைத் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது அந்த நிலையம். லாபத்துக்கு நடத்துவது இல்லை, ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. சர்க்கரையும் மாரடைப்பும் எங்கள் மாவட்டத்துக் குடும்பங்களில் எப்படிப் புகுந்து எப்படி நிலைக்கிறது என்று பார்க்கிறார்கள். அதற்காக மலையோரத்தில் இருந்து கடலோரம் வரை ஊர் ஊராகப் போய், சில வருடங்களுக்கு ஒருமுறை அதே ஆட்களிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு வருவார்கள். அது சின்னச் சின்னக் குப்பிகளில் உறைந்து, ஆள் உயரக் குளிர்பெட்டிகளில் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முந்திய ரத்தமும் அங்கே உண்டு. கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் கல்லறைத் தோட்டத்துக்குப் போயாயிற்று.

ஆராய்ச்சி ராகேலின் வேலை இல்லை. ஆராய்ச்சி நடக்கிற கட்டடம் அவள் வேலை. தண்ணீர், கரண்ட், சாக்கடை, ஏசி, இடிதாங்கி, தை மாதம் ரப்பர் இலை உதிர்ந்து அடைக்கும் ஓட்டுப் பாத்தி, ஜன்னல் வழியே கை நீட்டும் குரங்கு எல்லாம் அவள் பொறுப்பு. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு எலக்ட்ரீசியனாகச் சேர்ந்த முதல் நாள், பெண்பிள்ளை ஆயிற்றே என்று ஆபீசில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அவள் ஏணி கேட்டாள். அந்த ஏணியில் இருந்துதான் சூப்பர்வைசர் ஆனாள், மேனேஜர் ஆனாள். தனி அறையும் பெயர்ப்பலகையும் கிடைத்தபோது அறையில் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கி வைத்தாள். பலகையின் ஆணியில் குடையைத் தொங்கவிட்டாள். விஞ்ஞானிகளுக்கு அவளிடம் பயம் உண்டு. 'கதவத் தொறந்து வச்சிட்டு கத பேசாதிங்க, உள்ள கெடக்கவங்களுக்கு வேர்க்கும்' என்று அவள் அதட்டினால் முனைவர் பட்டம் வாங்கியவர்களும் குளிர்பெட்டிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு இடத்தில் கோட்டை விட்டாள். ஜெனரேட்டர் அறைக்கு மேலே சாய்ந்து நின்ற அயினி மரத்தை வெட்டிவிடலாம் என்று டைரக்டர் அனில்குமார் இரண்டு தரம் சொன்னார். மனிதர் கொல்லத்துக்காரர், தமிழைப் பார்த்துப் பார்த்துப் பேசுவார். வேறு எந்த மரம் என்றாலும் ராகேல் அன்றைக்கே ஆள் விட்டிருப்பாள். ஆனால் இது அயினி, பலாவுக்குத் தம்பி. சித்திரையில் பழம் பழுத்தால் அந்த வளாகம் முழுக்க மணக்கும். அதை வெட்ட எங்கள் பக்கத்தில் எவனுக்கும் கை வராது. 'பிறகு பாப்போம் சார்' என்று தள்ளிக்கொண்டே போனாள். பழத்தில் பங்கு தின்ற டைரக்டரும் மூன்றாம் தரம் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காற்று அடித்தது. ஓகிப் புயல் அளவுக்கு இல்லை, ஆனால் ரப்பருக்கு அவ்வளவு வேண்டியதும் இல்லை. ரப்பர் மரம் காற்றுக்கு வளையாது, நடுவில் முறியும். முறிந்த மரங்கள் கம்பிகளை இழுத்துக்கொண்டு விழுந்தன, கம்பிகள் போஸ்டுகளை இழுத்தன. கரண்டும் போனது, போனும் போனது. ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய ஜெனரேட்டர் ஓடியது. உதவிக்கு இருந்த சின்னதை, பக்கத்து ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு இருட்டில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, ராகேலே சனிக்கிழமை காலையில் வண்டி பிடித்து அனுப்பி வைத்தாள்.

திங்கட்கிழமை அவள் மகள் ஜினிஷாவுக்குக் கல்யாணம்.

ஞாயிறு விடிய, நனைந்து பாரமேறிய அயினி முறிந்து ஜெனரேட்டர் அறைக் கூரை மேல் விழுந்தது. ஓட்டம் நின்ற சத்தம் இரண்டு வளைவுக்கு அப்பால் இருந்த ராகேலின் வீட்டுக்கே கேட்டது என்று அவள் சொல்வாள். இருக்காது. கேட்டிருந்தாலும் ஆச்சரியம் இல்லை. அவள் போய்ச் சேரும்போது மெக்கானிக் விபின் இலைகளை விலக்கிக்கொண்டு உள்ளே குனிந்திருந்தான்.

"எக்கா, தண்ணி எறங்கிக் காயில் கம்பி எல்லாம் கருகிப் போச்சு. நீங்களே மோந்து பாருங்க."

மோந்து பார்க்கத் தேவை இல்லை, வாசலிலேயே நாறியது.

"நாகர்கோவில் கொண்டு போய் திரும்பச் சுத்தணும்," என்றான் விபின். "கொண்டு போகதுக்கு ரோடும் இல்ல, சுத்துகதுக்கு அங்க கரண்டும் இல்ல."

அனில்குமார் மழைக்கோட்டோடு வந்து நின்றார். "ராகேல், எத்தர நேரம்?"

"கதவத் தொறக்காம இருந்தா நாளைக்கு விடியிறது வர பிடிச்சு நிக்கும் சார். அதுக்குப் பிறவு எனக்கு உறப்பில்ல."

"திருவனந்தபுரத்தில் இருந்து உலர்பனி?"

"வழியெல்லாம் தண்ணி சார். ஜீப்பு போயிட்டு பாதியில திரும்பி வந்தாச்சு."

"ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது?"

"அத நான் கேக்க மாட்டேன்," என்றாள் ராகேல். "நீங்களும் கேக்க மாட்டிய."

"மாட்டேன்," என்றார் அவர்.

அவள் அயினிக் கொம்பைக் காலால் தள்ளினாள். "நீங்க அப்பளே சொன்னிய. அயினிச்சக்கைக்கு ஆசப்பட்டு நான்தான் விட்டேன்."

"நானும் தின்னேன் அல்லோ," என்றார் டைரக்டர். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, ஆனால் குளிர்பெட்டி அறைப் பக்கம் பார்த்தபோது முகம் வெளிறியிருந்தது. இருபது வருடமாக ஊர் கொடுத்தது உள்ளே இருக்கிறது. வீடு இடிந்தால் மறுபடி கட்டலாம். செத்துப் போனவனிடம் மறுபடி ரத்தம் கேட்க முடியாது.

ராகேல் வீட்டுக்கு வந்தபோது முற்றத்துப் பந்தலுக்குள் கல்யாணச் சமையல் தொடங்கியிருந்தது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவியலுக்குக் காய் நறுக்கினார்கள். ஒருபக்கம் தேங்காய் துருவல், ஒருபக்கம் ஏத்தங்காய் சீவல். மழை பந்தல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. மரத்தடியில், நாலு சக்கரத்தில், நீலச் சாயம் அடித்த பெரிய ஜெனரேட்டர் ஒன்று முனகிக்கொண்டு நின்றது. லைட் செட்டுக்காரன் சுயம்புராஜ், காற்று வரும் முன்னாலேயே அஞ்சுகிராமத்தில் இருந்து கொண்டுவந்து நிறுத்தியது. ராகேல் வீட்டுக்குள் போகவில்லை. குடையை மடக்காமல் அதன் முன்னால் போய் நின்றாள்.

அவள் புருஷன் தங்கையன் ரப்பர் பால் வாங்கி ஷீட் அடித்து விற்கிறவர். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவருக்கு அவளைத் தெரியும். கையில் இருந்த வாழையிலைக் கட்டைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"ஏட்டி, அத எதுக்கு அப்பிடிப் பாக்கிய?"

"எத்தர கேவிஏ பவருண்ணு பாக்கேன்."

"பாத்தது போதும். உள்ள வா."

"காணும்," என்றாள் ராகேல், தனக்குத்தானே. "பெட்டி அத்தனையும் ஓடினாலும் மிச்சம் காணும்."

"ராகேலே, வேண்டாம். எனக்குத் தெரியும் உனக்க மனசுல ஓடுகது. நமக்கக் கல்யாண ராத்திரியில தண்ணி டாங்கு பொட்டிச்சுண்ணு நீ ஓடின. பட்டுச்சேலயோட போயிட்டு சகதியோட வந்த. எனக்க அம்மை பேய் பிடிச்சவள கெட்டியாச்சுண்ணு நெனச்சா. அதுக்குப் பிறவு எத்தர கிறிஸ்மஸ், எத்தர ஈஸ்டர். மரிச்சினிக் கிழங்கு அவிச்சு, மீன்கறி வச்சு, பிள்ளைக்குத் தல பின்னி விட்டு, நான் வல்லதும் பறஞ்சிருக்கனா? பிள்ளைக்கக் கல்யாணத்த மட்டும் விட்டுத் தா."

இவ்வளவு நீளமாக அவர் பேசிப் பார்த்ததில்லை. காய் நறுக்கிய பெண்கள் அரிவாள்மணையை நிறுத்திவிட்டார்கள்.

"விடியிறது வரதான் தாங்கும், பிள்ளைக்கப்பா."

"லைட்டு இல்லாம கல்யாணம் நடக்கும். மரியாத இல்லாம நடக்காது. மாப்பிள வீட்டுக்காரிய வந்து, இருட்டுப் பந்தலுல இருந்து தின்னவா கூப்பிட்டியண்ணு கேட்டா நான் எஞ்ச போய் நிக்க?"

ஜினிஷா உள்ளே இருந்து வந்தாள். மருதாணி வைத்த கைகளை முன்னால் நீட்டிப் பிடித்திருந்ததால் யாரையோ தடுக்க வருகிறவள் மாதிரி இருந்தது. நாகர்கோவிலில் கல்லூரி ஆசிரியை, அம்மாவைப் போலவே குரல்.

"நான் எட்டாங்கிளாஸ் வர, அந்தக் குளிர்பெட்டி நம்ம வீட்டுல இன்னொரு பிள்ளண்ணுதான் நெனச்சிருந்தேன்," என்றாள். "எனக்குக் காய்ச்சல்ணா அப்பா பாத்துக்கிடுவாவ. அதுக்கு ஒண்ணுண்ணா அம்மா ஓடுவா."

ராகேலுக்கு அது சுருக்கென்று பட்டது.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள் ஜினிஷா. "ஆனா எனக்கு ஒரு வாக்கு தரணும். நாளைக்கு முழுசும் நீங்க எனக்கப் பக்கத்துல நிக்கணும். பாதியில அங்க போறேன், இங்க போறேண்ணு ஓடக் கூடாது."

"தந்தேன்," என்றாள் ராகேல். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுயம்புராஜைக் கூப்பிட்டாள்.

அவன் நெற்றியில் நாமத்தோடு, தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

"எக்கா, வேற எது கேட்டாலும் தாரேன். இது மட்டும் முடியாது," என்றான். "கல்யாண வீட்டுல கொண்டாந்து நிறுத்தின ஜெனரேட்டர் வண்டிய, பொண்ணும் மாப்பிள்ளயும் பந்தலுக்குள்ள ஏறாம எடுக்க மாட்டோம். எங்க அப்பா காலத்துல ஒரு தடவ எடுத்தாரு. அந்தக் கல்யாணம் நின்னு போச்சு. அதுக்கப்பறம் எங்க செட்ட ஒருத்தனும் கூப்பிடல்ல, ஊரு மாறித்தான் பொழச்சோம். லைட்டுக்காரன் எவன்கிட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க, இதான் சொல்லுவான். பந்தலுல இருந்து வண்டிய உருவுதது பொண்ணுக்கு ஆகாது."

தங்கையன் மனைவியைப் பார்த்தார். முடிந்தது என்ற நிம்மதியும், அவளுக்காக வருத்தமும் அந்த முகத்தில் சேர்ந்தே இருந்தன. ராகேல் பந்தல் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவள் கேட்ட கேள்வியை எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"வண்டி பந்தல விட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"பந்தலு எஞ்ச நிக்கணும்ணு வல்ல சட்டமும் உண்டுமா?"

சுயம்புராஜ் தன் அப்பா அப்படி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று யோசித்தான். "அப்பிடி ஒண்ணும் இல்லயே," என்றான்.

"அப்ப பந்தல அங்க கொண்டு போவோம்," என்றாள் ராகேல். "சர்ச்சுல தாலிக்கெட்டு முடிஞ்சு விருந்து ஆராய்ச்சி நிலையத்துல. வண்டியும் பந்தலுலயே நிக்கும். நானும் பிள்ளைக்கப் பக்கத்துலயே நிப்பேன்."

தங்கையன் தலையில் கை வைத்துக்கொண்டு கவிழ்த்து வைத்த வார்ப்புப் பாத்திரத்தின் மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சட்டையை மாட்டினார். "மாப்பிள வீட்டுல ஒரு வாக்கு பறையாம ஒரு கம்பு இங்கயிருந்து அனங்காது, கேட்டியா. வா, கொட்டாரத்துக்குப் போவோம்."

அருமனையில் இருந்து கொட்டாரம் போவது சாதாரண நாளிலேயே மாவட்டத்தின் ஒரு மூலையில் இருந்து மறுமூலைக்குப் போவது. அன்றைக்கு நிலையத்தின் ஜீப் முறிந்த மரங்களைச் சுற்றிச் சுற்றிப் போயிற்று. இடையில் இரண்டு இடத்தில் தங்கையன் இறங்கிக் கொம்பு வெட்டி வழி எடுத்தார். மேற்கே ரப்பர் சாய்ந்து கிடந்தது என்றால், கிழக்கே வயல் எல்லாம் கடலாகக் கிடந்தது. கதிர் வாங்கிய நெல் தண்ணீருக்குள் படுத்திருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ஞானபாய் கொட்டாரத்தில் பலசரக்குக் கடை நடத்துகிறவள். புருஷன் முத்துநாயகம் மாரடைப்பில் போன பிறகு, கடையையும் மகன் பெனினையும் தனி ஆளாக நின்று பார்த்துக்கொண்டவள். எடைக்கல்லைப் போலப் பேசுவாள் என்று பெயர். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு நடை ஏறுவது வழக்கம் இல்லை. அதனால் ராகேலும் தங்கையனும் மழையில் முற்றத்திலேயே நின்றார்கள். ஞானபாய் வாசற்படியில் நின்றாள்.

"மைனி, எதுக்கு நனஞ்சிட்டு நிக்கிய? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"பிள்ள நல்லா இருக்கா."

"பின்ன என்னத்துக்கு இந்த மழையில வந்திய?"

தங்கையன் ராகேலை முன்னால் விட்டார். ராகேல்தான் சொன்னாள். மரம் விழுந்தது, காயில் கருகியது, வண்டியை எடுக்க முடியாதது, பந்தலைக் கொண்டு போக வேண்டியது, ஒன்றையும் மறைக்கவில்லை. ஞானபாய் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நான் ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கிடக் கூடாது," என்றாள் கடைசியில். "உங்களுக்கு அங்க என்ன வேலை மைனி? சம்பந்தம் பேசும்போதே கேட்டேன், அண்ணன் ஏதோ சொன்னாவ, எனக்கு விளங்கல்ல."

"கட்டடத்தப் பாத்துக்கிடுகது."

"கட்டடத்துக்கா இந்தப் பாடு?"

"அதுக்க உள்ள இருக்குகதுக்கு."

"என்ன இருக்கு?"

"ஆளுகளுக்க ரத்தம். அருமனயில இருந்து அஞ்சுகிராமம் வரைக்கும் ஊரு ஊராப் போய் எடுத்தது. வேன் வரும், பாத்திருப்பிய. ரத்தம் எடுத்துட்டு, தின்ன ஒரு முட்டயும் ஒரு மட்டி வாழப்பழமும் குடுப்பாவ."

ஞானபாயின் கை நிலையைப் பிடித்தது.

"முட்ட," என்றாள். "வெள்ள வேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல நிக்கும். எங்க வீட்டுக்காரரு மூணு தடவயும் போனாரு. கடைசித் தடவ கையில பஞ்ச ஒட்டிக்கிட்டு வந்து, ஒரு முட்டைக்கு இம்புட்டு ரத்தமா, என்ன அநியாயம்ட்டி இதுண்ணு கேட்டு அப்பிடிச் சிரிச்சாரு. அடுத்த வருசம் அவரு போயிட்டாரு." அவள் முன்னால் குனிந்தாள். "மைனி, அவிய ரத்தமும் உள்ள கெடக்கா?"

"எந்தப் பெட்டியில ஆருக்க குப்பிண்ணு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் பறயக் கூடாது, அது அங்கத்த சட்டம்," என்றாள் ராகேல். "ஆனா எடுத்தத நாங்க ஒண்ணயும் களஞ்சது இல்ல. குடுத்திருந்தாவண்ணா இருப்பாவ."

ஞானபாய் படி இறங்கி மழைக்குள் வந்துவிட்டாள். சேலைத் தலைப்பு நனைந்து தோளில் ஒட்டியது. பக்கத்தில் வந்து ராகேலின் குடைக்குள் நின்றுகொண்டாள்.

"அவரு இல்லாம நடக்குத கல்யாணம்ணுதான் நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல்ல," என்றாள். "நீங்க கொண்டு போங்க, பந்தல. அங்கயே வையுங்க. எங்க சொந்தக்காரன் எவனாவது வாயத் தொறந்தா நான் பாத்துக்கிடுதேன். அண்ணே, இங்க நின்னுட்டு இருக்காதிய, நேரம் ஆவுது, போங்க."

தங்கையன் ஜீப்பில் ஏறிய பிறகு அழுதார். ராகேல் அவர் முழங்காலில் கை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்திருந்தாள்.

அதன் பிறகு நடந்தது எங்கள் ஊருக்குப் பெருமை, சொல்லத்தான் செய்வேன். ஆராதனை முடிந்து வந்தவர்கள் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலைப் பிரித்தார்கள். தகரத்தைச் சுமந்தவர்கள் சிலர், வார்ப்பையும் உருளியையும் ஆட்டோவில் ஏற்றியவர்கள் சிலர், பாதி நறுக்கிய காயை அப்படியே பாத்திரத்தோடு தலையில் வைத்து நடந்த பெண்கள் பலர். சுயம்புராஜ் மட்டும் ஒரு நிபந்தனை போட்டான். ஜெபம் பண்ணி நாட்டிய முதல் பந்தல் கால் வண்டியோடேயே வரவேண்டும், அதில் ஒரு பல்பாவது அணையாமல் இருக்க வேண்டும். அப்படியே செய்தார்கள். ஜெனரேட்டரின் மேல் பந்தல் காலை நிறுத்திக் கட்டி, அதன் உச்சியில் ஒரு சிவப்பு பல்பு எரிய, ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரை ஒரு மினிலாரி மெல்ல இழுத்துக்கொண்டு போயிற்று. நான் பார்த்த ஊர்வலங்களில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

வெளிச்சம் இருக்கும்போதே விபினும் சுயம்புராஜும் வயரை இழுத்தார்கள். ராகேல் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். குளிர்பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக உறுமிக்கொண்டு எழுந்தன. எல்லாம் எழுந்தபோது அனில்குமார் கைகூப்பினார், யாரைப் பார்த்து என்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய், விஞ்ஞானிகள் நாலு பேரோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அன்றைக்கு அவருக்கு நல்ல சாக்கு கிடைத்தது.

திங்கட்கிழமை வானம் வெளுத்தது. சர்ச்சில் கரண்ட் இல்லை, மைக் இல்லை. பாடகர் குழு வெறும் தொண்டையில் பாடியது, ஊரும் சேர்ந்து பாடியது. தாலி கட்டி முடித்து, எல்லாரும் சேறு மிதித்து, ஆராய்ச்சி நிலையத்தின் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். அங்கே பந்தல் நின்றது. முன்னால் வாழை, தோரணம். பின்னால் 'அனுமதி இன்றி உள்ளே வரக்கூடாது' என்ற பலகை. ஜினிஷாவும் பெனினும் பந்தலுக்குள் காலெடுத்து வைத்தபோது சுயம்புராஜ் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, அப்பாடா என்று சாப்பிடப் போனான்.

பருப்பும் நெய்யும் பப்படமும் போய், சாம்பார் வந்து, புளிசேரி வரப்போகிற நேரம். ஜெனரேட்டர் ஒரு தரம் இருமியது. இன்னொரு தரம் இருமி நின்றுவிட்டது. பந்தல் காலில் சிவப்பு பல்பு அணைந்தது. சாப்பிட்டவர்களின் கை அப்படி அப்படியே இலையில் நின்றது. பிரதமன் பாயச வாளியோடு நின்ற ராகேல் அசையவில்லை. வாளியை இறுகப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். வாக்குக் கொடுத்தவள் அல்லவா.

ஜினிஷா இலையில் இருந்து தலையைத் தூக்கினாள். "என்னம்மா பாக்கிய? எனக்குக் காணுக தூரம்தானே. போங்க," என்றாள். பிறகு குரலை உயர்த்தி, "நான் இங்க இருந்து பாக்கேன்," என்றாள்.

சுயம்புராஜ் கையில் சோற்றோடு எழுவதற்குள் ராகேல் போய்விட்டாள். பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, விபின் நீட்டிய ஸ்பானரை வாங்கி, டீசல் குழாயின் திருகாணியை இளக்கினாள். மழைத்தண்ணீர் கலந்த டீசல் குமிழிகளோடு அவள் கையில் வழிந்தது. குழாய்க்குள் புகுந்த காற்று முழுக்கப் போகும்வரை விட்டு, முடுக்கி, ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். முதல் தரம் பிடிக்கவில்லை. இரண்டாம் தரம் பிடித்தது. உள்ளே குளிர்பெட்டிகள் எழும் சத்தம் பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. சிவப்பு பல்பு எரிந்தது. முதலில் கைதட்டியது மணப்பெண். இடது கையை இலையின் விளிம்பில் தட்டினாள், அதைப் பார்த்துப் பந்தல் முழுக்கத் தட்டியது. அறுப்பின் பண்டிகை கமிட்டிக்காரரும் தட்டினார், பின்வரிசைப் பெண்களும் தட்டினார்கள். தங்கையன் மட்டும் தட்டவில்லை. துவர்த்துத் துண்டையும் ஒரு செம்பு தண்ணீரையும் எடுத்துக்கொண்டு மனைவி கை கழுவப் போய் நின்றார். "இன்னைக்கும் பட்டுச்சேலயாக்கும்," என்றார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

விருந்து முடிந்து கூட்டம் கலையும்போது ஞானபாய் ராகேலின் கையைப் பிடித்தாள். ராகேலுக்குப் புரிந்தது. டைரக்டரிடம் கேட்டுவிட்டு, குளிர்பெட்டி அறைக்கு முன்னால் உள்ள வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். உள்ளே போக அனுமதி இல்லை. ஆனால் இடம் போதாமல் வராந்தாவில் நிறுத்திய பெட்டி ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஞானபாய் செருப்பைக் கழற்றினாள். உள்ளங்கையை அதன் பக்கத்துத் தகட்டில் வைத்தாள், சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"சூடா இருக்கே மைனி."

"உள்ள குளிரணும்ணா சூட்ட வெளிய தள்ளணும். வெளிய சூடு இருந்தா, உள்ள எல்லாம் நல்லா இருக்குண்ணு அர்த்தம்."

ஞானபாய் கையை எடுக்கவில்லை. "அவிய கையும் இப்பிடித்தான் இருக்கும்," என்றாள். "மழைக்காலத்துலகூட." அவள் உதடு அசைந்தது. மகனுக்குக் கல்யாணம் ஆன விவரத்தைச் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

கொட்டாரத்துக்குப் போகும் வண்டியில் ஏறும்போது அவள் சொந்தக்காரி ஒருத்தி, "பொண்ணுக்க அம்மைக்கு இங்க என்ன வேலையாம்?" என்று கேட்டாள். ஆராய்ச்சி, கட்டடம், மேனேஜர் என்று எடுத்துச் சொல்ல அங்கே நாலு பேர் வாயைத் திறந்தார்கள். ஞானபாய் அவர்களை முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரப் பாத்துக்கிடுதா," என்றாள்.

ராகேல் காலியான பிரதமன் வாளியைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குக் கை காட்டினாள். பந்தலில் சாப்பிடாமல் மிச்சம் இருந்தவள் அவள் ஒருத்திதான். மாப்பிள்ளையோடு அடுத்த வண்டியில் போகவேண்டிய ஜினிஷா அவளுக்கு இலை போட்டாள்.